பொட்டு வைத்த ஏழு பந்துகள்

நான் தீட்டியவற்றிலேயே உருப்படியாக வந்தது ஒரு கால்பந்துதான். காகிதத்தில் அல்ல, பீங்கானில். அதை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.

அறுபதுகளின் கடைசி. விருத்தாசலத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில், பிரசவ விடுப்பில் போயிருந்த ஓவிய ஆசிரியைக்குப் பதிலாக என்னைப் போட்டிருந்தார்கள். எனக்கு இருபத்து மூன்று வயது. அவர் திரும்பி வரும்வரைதான் வேலை. தலைமையாசிரியருக்குப் பிடிக்காமல் போனால் அதற்கும் முன்னாலேயே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் நான் அங்கே எல்லாவற்றுக்கும் பயந்தேன். அவருடைய செருப்புச் சத்தத்துக்குப் பயந்தேன், வருகைப் பதிவேட்டில் மை சிந்திவிடுமோ என்று பயந்தேன். பயந்தது தெரியாமலிருக்கப் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். கோபக்கார டீச்சர் என்று பேர் வாங்கியது அப்படித்தான்.

ரயில்வேயில் ஒரு கால்பந்து அணி இருந்தது. ஆடுவதற்காகவே வேலை கொடுத்து வைத்திருந்த ஆட்கள். பேருக்குக் குமாஸ்தா, டிக்கெட் பரிசோதகர் என்று இருப்பார்கள், சம்பளம் காலுக்குத்தான். வெளியூர்ப் போட்டிகளுக்குப் போகும் வழியில் ஜங்ஷன் ஊர்களில் இறங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்கு அரைநாள் ஆட்டம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவது என்று அந்த வருடம் ஏற்பாடு செய்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்கென்று அளவில் சிறிய பந்துகள் ஆறு இலவசமாகத் தருவதாகவும் எங்களுக்கு வந்த கடிதத்தில் இருந்தது.

வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்றார் தலைமையாசிரியர். ஊரில் எது இருக்கிறதோ இல்லையோ, களிமண் இருக்கிறது. பீங்கான் பட்டறை ஒன்றில் சொல்லி, பீங்கானிலேயே ஒரு கால்பந்து செய்து நினைவுப் பரிசாகக் கொடுப்பது என்று முடிவாயிற்று. பள்ளியின் பழைய பெரிய பந்தில் காற்றடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதன் மேல் பிளாஸ்டரில் அச்சு எடுத்து, களிக் கூழை ஊற்றி, உள்ளே கூடாக வார்த்து, சூளையில் சுட்டுக் கொடுத்தார்கள். தோல் பந்தின் ஒவ்வொரு தையலும், நாடா முடிச்சும்கூட அதில் வந்திருந்தது. ஆனால் கொடுத்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"பந்து சிறுத்துப் போச்சே" என்று பட்டறை மேஸ்திரியிடம் முகத்தைச் சுளித்தேன்.

"நெருப்புக்குள்ள போனா மண்ணு சுருங்காம வருமா டீச்சர்? இதுதான் கணக்கு" என்றார் அவர்.

வண்ணம் தீட்டும் வேலை என்னுடையது. ஐந்து சாயங்காலங்கள் உட்கார்ந்தேன். தோல் நிறம், ஓரங்களில் கொஞ்சம் கருப்பு, நாடாவில் அழுக்கு, ஒரு பக்கம் தரையில் உரசின கீறல் எல்லாம் போட்டேன். பார்க்கிறவன் உதைக்கக் காலைத் தூக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. என்னிடம் திறமை இருக்கிறது என்று அந்தப் பள்ளியில் ஒருவருக்காவது தெரிய வேண்டும் என்று ஆசை.

பந்து ஆறு வருகிறது என்றதும் தலைமையாசிரியர் பையன்களை ஆறு வரிசையாகப் பிரித்தார். ஒரு வரிசை பெண் பிள்ளைகளுக்கு வேண்டும் என்று நான் கேட்டேன். எந்தத் தைரியத்தில் கேட்டேன் என்று தெரியவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு" என்றார்.

அந்த வரிசைக்கு முன்னால் நிறுத்த ஆறாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். ஓட்டத்தில் பையன்களைத் தோற்கடிப்பவள். அவளுடைய அம்மா அதே பட்டறையில் மண் சுமக்கிறவர், புருஷன் இல்லாதவர். அனுமதி கேட்க வீட்டுக்கே போனேன்.

"எனக்கு இருக்குறது இது ஒண்ணுதாங்க டீச்சர்" என்றார் அந்தம்மா. "பொம்பளப் புள்ள. கைகால்ல ஒண்ணு ஆச்சுன்னா நாளைக்கு யாரு கட்டிக்குவான்? போன மாதிரியே வூட்டுக்கு வரும்னு நீங்க சொல்லுங்க, அனுப்புறேன்."

சொன்னேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் பொறுப்பு என்று சொன்னேன்.

அணி வந்த அன்று காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் தொடங்கியது. தலைமையாசிரியர் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவர். புதிதாக எது வந்தாலும் பூஜை போடாமல் தொட விடமாட்டார். புது பெஞ்சுக்குப் பொட்டு வைப்பார், கடிகாரத்துக்கு வைப்பார், பூகோள உருண்டை வந்தபோது அதற்கும் வைத்தார். அவர் அறையில் வாழையிலை விரித்து, அணி கொண்டுவந்த ஆறு பந்துகளையும் என் பீங்கான் பந்தையும் சேர்த்து வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டினார். ஏழும் ஒரே அளவில் இருந்தன. பழைய பெரிய பந்தின் மண் பிள்ளை சுருங்கி, சின்னப் பிள்ளைகளின் பந்தளவுக்கு வந்துவிட்டிருந்தது. எவ்வளவு பொருத்தம் என்று நான் மனதுக்குள் மகிழ்ந்துபோனேன். முட்டாள்.

பிறகு பள்ளி ஆயாவைக் கூப்பிட்டு, பந்துகளை மைதானத்துக்குக் கொண்டுபோகவும், பரிசை மேசையில் வைத்துப் பட்டுத்துணியால் மூடவும் சொன்னார். நான் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தப் போய்விட்டேன்.

மைதானத்தில் ஆறு வரிசைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் சுண்ணாம்புப் புள்ளியில் ஒரு பந்து. எதிரே பதினைந்தடி தள்ளி ஆளுக்கொரு ஆட்டக்காரர். விசில் ஊதியதும் ஆறு வரிசையின் முதல் பிள்ளையும் ஒரே நேரத்தில் ஓடிவந்து உதைக்க வேண்டும். பந்தலில் ரயில்வே அதிகாரி ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். நான் பரிசு மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். எல்லோரும் பார்க்குமுன் என் வேலையை நான் ஒருதரம் பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டுத்துணிக்கு அடியில் கையை விட்டேன்.

விரல் அழுந்தியது. தோல்.

துணியை விலக்கிப் பார்த்தேன். பொட்டு வைத்த தோல் பந்து. மெதுவாக மூடினேன். ஆயா தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருந்தார். அவரிடம் போனேன்.

"ஆயா, பீங்கான் பந்து எங்க?"

"மேசையில மூடி வச்சிருக்கேனே."

"அங்க இருக்குறது தோல் பந்து. மைதானத்துக்குக் கொண்டுபோனீங்களே, அதுல ஒண்ணு கனமா இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றார் ஆயா. "அதுல மட்டும் காத்து நெறைய அடிச்சிட்டாங்க போலன்னு நெனச்சேன்."

வாழ்க்கையில் ஒருநாளும் கால்பந்தைக் கையில் தூக்கியிராத மனுஷி. வேறெப்படி நினைப்பார்? பிற்பாடு இதைக் கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வந்ததில்லை.

"எந்த வரிசையில வச்சீங்க?"

"எது எங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்? எல்லாத்துக்கும் பொட்டு இருக்குது, எல்லாம் ஒண்ணாத்தான் இருக்குது."

மைதான ஓரத்துக்கு வந்து பார்த்தேன். ஆறு பந்து. ஆறிலும் பொட்டு. இப்பக்கம் நின்று பார்த்தேன், குனிந்து பார்த்தேன். என் கை தீட்டியதை என் கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. கீறல் போட்ட பக்கம் தரையைப் பார்த்திருக்க வேண்டும். அந்த ஐந்து சாயங்காலங்களையும் சபித்தேன். ஒரு மூலையிலாவது சோம்பேறித்தனமாக விட்டிருக்கக் கூடாதா என்று என் கையையே திட்டினேன்.

ஆறு பிள்ளைகளும் வெறுங்கால். எங்கள் பள்ளியில் அறுபது காலுக்கு ஒரு ஜோடிச் செருப்புகூடத் தேறாது. அணித்தலைவர் வரிசைகளுக்கு நடுவில் நடந்து, "பெருவிரலால ஒதைக்காதீங்க தம்பிங்களா, காலோட மேல்பாகம் படணும்" என்று தன் பூட்ஸைத் தொட்டுக் காட்டினார். விரலால் உதைத்தால் விரல் போகும், மேல்பாகத்தால் உதைத்தால் பாதமே போகும் என்று என் மனது கணக்குப் போட்டது.

கத்தியிருக்க வேண்டியதுதானே என்று இதைப் படிக்கிறவர் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டிருக்கிறேன். "சார்" என்று கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது. பந்தலில் இருந்து தலைமையாசிரியர் புருவத்தை உயர்த்தி, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். அதிகாரி பேச்சை முடித்தார், பிள்ளைகள் கை தட்டினார்கள். அணித்தலைவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

ஓடினேன். பெண் பிள்ளைகளின் வரிசை கடைசி, ஆறாவது. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து வரிசைகளின் முன்னால் ஓடினேன். ஐந்து பந்துகளைத் தாண்டினேன். எதையும் குனிந்து தொடவில்லை. எந்தப் பையனையும் தள்ளிவிடவில்லை. என் கண்ணில் இருந்தது அந்தப் பெண்ணின் கால் மட்டும்தான். அவள் பாவாடையைச் செருகிக்கொண்டு பந்தைப் பார்த்து ஓடிவரத் தயாராக இருந்தாள். விழுந்தடித்துப் பந்தை வாரி எடுத்தேன். லேசாக இருந்தது. தோல் வாசனை அடித்தது.

அப்போது எனக்கு வந்தது சந்தோஷம். அதை மறைத்து எழுதினால் இதை எழுதியே பிரயோசனமில்லை. அப்பாடா என்று கண்ணை மூடினேன். விசில் ஊதியது. பின்னாலேயே சட்டி உடைகிற சத்தம் கேட்டது.

ஐந்தாவது வரிசை. எனக்கு அடுத்தாற்போல், ஆறடி தூரத்தில். ஏழாம் வகுப்புப் பையன். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், அவனை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதாகக்கூட நினைவில்லை. நின்றவாக்கில் தன் காலைக் குனிந்து பார்த்தான். சுற்றிலும் வண்ணம் தீட்டிய ஓடுகள். வலி வர நேரமாயிற்று போலும், முதலில் உடைந்த பந்தைப் பார்த்துத்தான் அவன் முகம் பயந்தது. பிறகுதான் உட்கார்ந்தான்.

அணித்தலைவர் ஓடிவந்து தன் சட்டையைக் கழற்றி அவன் பாதத்தைச் சுற்றினார். ரிக்‌ஷாவில் அவனை மடியில் வைத்துக்கொண்டு அவர்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மற்ற ஆட்டக்காரர்கள் ரயிலுக்குப் போனார்கள், அவர் போகவில்லை. இரண்டு விரல் எலும்பு முறிந்திருந்தது, பாதத்தில் ஓடு கிழித்திருந்தது. மாவுக்கட்டு போட்டு முடிக்கும்வரை காலை நம்பிப் பிழைக்கிற அந்த மனிதர் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளியில் தலைமையாசிரியர் ஆயாவைப் பிடித்துக் கத்தினார். நானும் அங்கேதான் நின்றேன். துணியை நீக்கிப் பார்த்தது முதல் விசில் ஊதியது வரை எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலிலேயே அந்தப் பெண்ணின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"எம்பொண்ணுக்காக உசுரக் குடுத்து ஓடுனீங்களாமே" என்று என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க டீச்சர்."

உள்ளே பையனின் அம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் காதில் விழுந்திருக்கும். என்னைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அன்று காலையில் பயந்ததைவிட அதிகமாக.

பையன் விழித்திருந்தான். கட்டிலோரம் உட்கார்ந்தேன். ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லீங்க டீச்சர்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்த சார் விரல்ல ஒதைக்கக் கூடாதுன்னு சொன்னாரு, நான்தான் கேக்கல. நீங்க ஓடியாந்தீங்க இல்ல? நான் ஒதைக்கிறதப் பாக்கத்தான் வரீங்கன்னு நெனச்சேன். அதான் பலமா ஒதச்சிட்டேன்."

அவன் அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"ஆமாம், உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றேன். அவன் நம்பினான்.