அண்ணன் முடுக்கிய திருகாணி

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. திதிக்கு வரும் உங்கள் கையில் இந்த நினைவு மலரைக் கொடுக்கும்போது எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன். அவருக்கு ஒரே தங்கை நான். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் அவர்தான் என்று இன்றும் எழுந்து வாசல்வரை போய்விட்டு, யாரோ போகிறார்கள் என்று திரும்பி வருகிறேன்.

அண்ணன் பிறந்தது லால்குடிப் பக்கம். அப்பா காலமானபோது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். நிலத்தைப் பங்காளிகளிடம் விட்டுவிட்டு, அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தார். அங்கே காவிரிப் படித்துறைக்குப் போகும் அம்மா மண்டபம் சாலையில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அண்ணன் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தபடியே தானும் படித்து, திருச்சியில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியரானார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்த பிறகுதான் தமது கல்யாணத்தைப் பற்றிப் பேசவே விட்டார். அண்ணி வந்த பிறகுதான் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது என்று அம்மா சொல்வார். பிள்ளை இல்லை என்ற குறையை இருவரும் ஒருவரிடம் ஒருவர் காட்டிக்கொண்டதில்லை.

அண்ணனுக்கு வெற்றிலை, புகையிலை, காப்பி எதுவும் கிடையாது. மடக்குக் கத்தி ஒன்றின்மேல்தான் பைத்தியம். பென்சில் சீவுவதற்கு ஒரு பிளேடு போதாதா என்று கேட்டால் கோபம் வந்துவிடும். சின்னக்கடை வீதியில் ஒரு கத்தி வாங்கி வந்தால், அது பென்சிலைத் தொடுவதற்கு முன்பே அக்குவேறு ஆணிவேறாகப் பிரிந்து செய்தித்தாளின்மேல் கிடக்கும். அலகு ஒரு பக்கம், பிடியின் இரண்டு கட்டைகள் ஒரு பக்கம். அலகையும் பிடியையும் சேர்த்துக் கடைக்காரன் அடித்த ரிவிட் ஆணியைத் துளைத்து எடுத்து எறிந்துவிட்டு, பித்தளைத் திருகாணி போடுவார்.

"ரிவிட்டு அடிச்சா அடிச்சதுதான். திருகாணின்னா, நாளைக்கு மனசு மாறினா தளர்த்திக்கலாம், முடுக்கிக்கலாம்" என்பார்.

உள்ளே இருக்கும் வில்லும் அவருக்கு ஆகாது. வில் வைத்த கத்தி பாதி திறந்ததும் மீதியைத் தானே திறந்துகொள்ளும். "அதுக்கு என்ன அவ்வளவு அவசரம்?" என்று கேட்டு, அதையும் கழற்றிவிடுவார். பழைய பித்தளைத் தகட்டில் வாஷர் வெட்டிப் போட்டு, திருகாணியின் இறுக்கத்திலேயே அலகு நிற்கும்படி செய்வார். எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும், அதுதான் அவர் கணக்கு.

எங்களுக்கும் ஆளுக்கொரு கத்தி செய்து தந்தார், ஆனால் தம் ருசியை யார் தலையிலும் கட்டமாட்டார். அம்மாவுக்கு நகம் தேய்ந்துபோயிருந்ததால், இழுத்துத் திறக்க அம்மாவின் கத்தி அலகில் ஒரு வளையம் மாட்டிக் கொடுத்தார். என் வீட்டில் குழந்தைகள் உண்டு என்பதால் என் கத்தியை நன்றாக இறுக்கித் தந்தார். அண்ணியோ வில் வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

"டக்குன்னு சத்தம் கேட்டாத்தாங்க மூடிச்சுன்னு எனக்கு நம்பிக்கை வருது."

"கத்தியா, வாசக் கதவா?" என்று கேலி செய்துகொண்டே, கழற்றிப் போட்ட வில்லைத் தேடி எடுத்து மறுபடி மாட்டிக் கொடுத்தார். அவருடைய சொந்தக் கத்தியை மட்டும் எங்களில் யாராலும் திறக்க முடியாது. அவ்வளவு இறுக்கம். என் வீட்டுக்காரர் ஒருமுறை முயன்று நகத்தை உடைத்துக்கொண்டார். அண்ணனுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தக் கைதான் விழுந்தது. அம்மா காலமான மறு வருஷம், பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலக்கை, வலக்கால், பேச்சு, எல்லாம் போயிற்று. பேச்சு மெல்லத் திரும்பியது. கால் இழுத்து இழுத்து நடக்கும் அளவுக்கு வந்தது. கை மட்டும், விரல்கள் லேசாக அசைவதற்குமேல் வரவில்லை. விரல்களுக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, அண்ணன் தம் கத்தியைக் கேட்டார்.

"இதைத் திறந்துட்டேன்னா பள்ளிக்கூடம் போயிடுவேன்" என்றார்.

கத்தியை ஒருவர் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டில் கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்வோம். அண்ணனால் அந்தக் கையால் கீழே இருப்பதை எடுக்க முடியாது. அதனால் அண்ணி அதை அவர் உள்ளங்கையிலேயே வைப்பார். நான் ஒருநாள் தடுத்தேன். "வரட்டும் விடுங்க. இவர் எழுந்து நின்னு எங்கூடச் சண்டை போட்டாப் போதும் எனக்கு" என்றார்.

காலையில் கத்தியோடு போராடுவார். வியர்த்துக் கொட்டும். அலகு அசையாது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார், சாப்பிடவும் மாட்டார். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அண்ணி அந்தக் காரியத்தைச் செய்தார். மத்தியானம் அண்ணன் கண்ணயர்ந்ததும், அவருடைய திருப்புளியாலேயே அந்தத் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்தார். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். ஒருநாள் காலை அலகு பாதி திறந்தது. பிறகொரு நாள் முழுவதும் திறந்தது. அண்ணி கோயிலுக்கு ஓடினார், சர்க்கரைப் பொங்கல் வைத்தார், அக்கம்பக்கமெல்லாம் சொன்னார். என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, சிரித்துக்கொண்டே அழுதார். தேறிவிட்டேன் என்று ஒருநாள் அண்ணனே கத்தியை உள்ளே வைக்கச் சொன்னார். அந்த மாதமே மறுபடி வாதம் வந்து, பொழுது விடியுமுன் போய்விட்டார்.

அந்த நாட்களில் அவரைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டிய எதிர்வீட்டுப் பையன்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் சைக்கிளில் வந்த டாக்டருக்கும், சம்பளம் நின்ற மாதங்களில் வீட்டுக்கு அரிசி அனுப்பிய சக ஆசிரியர்களுக்கும், மயானம்வரை நடந்தே வந்த மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவரிடம் சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது.

இந்த ஓராண்டாக அண்ணி ஒரே வார்த்தையைச் சொல்லித்தான் அழுகிறார். "என் பொய்யை நம்பிக்கிட்டே போயிட்டாரே. மனுசனைக் கடைசியிலே ஏமாத்தி அனுப்பிட்டேனே." சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டும் இதையேதான் சொல்கிறார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார். ஆள் பாதியாகிவிட்டார். உறவினர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

அண்ணன் என்னிடம் ஒரு விஷயத்தை யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் பேச்சை நான் எதிலும் மீறியதில்லை. இதில் மீறுகிறேன். அண்ணே, மன்னித்துக்கொள்ளுங்கள்.

கத்தியை உள்ளே வைக்கச் சொன்னதற்கு முந்தின நாள், அண்ணி குளிக்கக் காவிரிக்குப் போயிருந்தார். அண்ணன் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கத்தியைத் திறந்து காட்டினார். அலகு தொளதொளவென்று ஆடியது.

"உங்க அண்ணி வேலை இது" என்றார்.

"எப்பருந்துண்ணே தெரியும்?"

"முதல் நாளே தெரியும். நான் முடுக்கின திருகாணி எனக்குத் தெரியாதா?" வார்த்தைகள் குழறின. நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "இனிமே தளர்த்தினா அலகு தானா விழுந்துரும். அவ கையை வெட்டிரும். நாளைக்கு, தேறிட்டேன், எடுத்து வையின்னு சொல்லிடப் போறேன். நீ ஒண்ணும் சொல்லிக்காதே."

"தெரிஞ்சும் ஏண்ணே தினமும் திறந்தீங்க?"

நன்றாக இருந்த பாதி முகத்தால் சிரித்தார்.

"அது திறக்கிறப்ப அவ மூஞ்சிய நீ பாத்ததில்லையா? அதைப் பாக்கத்தாம்மா."

அண்ணி, நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. எழுந்து வந்து சாப்பிடுங்கள்.