மொக்கம்மாளின் கையெழுத்து

போடிக் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்த ஞானதுரையின் மகள் கிருபாவதி, 1979இல் ஒரு பெரிய வங்கியின் தேனிக் கிளையில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். விதிப்புத்தகத்தை ஒரே வாரத்தில் கரைத்துக் குடித்துவிட்டதாக அவளுக்கு நினைப்பு.

ஒரு சந்தை நாளில் வீரபாண்டியிலிருந்து மொக்கம்மாள் பணம் எடுக்க வந்தாள். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்து காய்த்துப்போன கை. படிவத்தை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். முதியோர் கல்வி வகுப்பில் நான்கு மாதம் உட்கார்ந்து கற்றது அது.

கிருபாவதி மாதிரிக் கையெழுத்துக் கார்டை எடுத்துப் பார்த்தாள். அதில் கைரேகைதான் இருந்தது.

"கையெழுத்து செல்லாதும்மா. ரேகைதான் வைக்கணும்."

"எம் பேரத்தான தாயி எழுதிருக்கேன்? வாத்தியாரு பாத்து சரின்னு சொன்னாக."

"ரூல்ஸ் அப்படி."

ஸ்டாம்ப் பேடை நகர்த்தினாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மொக்கம்மாள் விரலை அழுத்தி, முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள்.

மனசு கேட்காமல் மதியம் கிருபாவதி புத்தகத்தைப் புரட்டினாள். ரேகை வைத்தவர் எழுதக் கற்றுக்கொண்டால் புதுக் கார்டில் கையெழுத்து வாங்கலாம் என்று அடுத்த பக்கத்திலேயே இருந்தது. மறுக்கச் சொல்லும் பக்கத்தை மட்டும்தான் அவள் மனப்பாடம் செய்திருந்தாள்.

அடுத்த சந்தை நாளில் புதுக் கார்டும் பேனாவுமாகக் காத்திருந்தாள். "பெரியம்மா, இதுல கையெழுத்துப் போடுங்க."

மொக்கம்மாள் பேனாவைத் தொடவில்லை. தானே ஸ்டாம்ப் பேடை இழுத்து விரலை ஒற்றினாள்.

"இங்கன இதுவே போதும் தாயி. எழுத்த நான் வீட்டோட வச்சுக்கிறேன்."