லினெட் வெட்டாத படம்

கருவடிக்குப்பத்தில் லினெட்டுக்கு நல்ல பெயர் கிடையாது. பேங்க் வேலையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கடலைப் பார்க்கிறவளை யார் மதிப்பார்கள்? செயற்கைக்கோள் எடுக்கும் ரேடார் படங்கள் எல்லோருக்கும் இலவசம். எண்ணெய் படிந்த தண்ணீர் அதில் கறுப்பாகத் தெரியும், படகு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் கம்பெனி கழிவைத் திறந்து விடுகிறது என்று அவள் இணையத்தில் படம் படமாகப் போட்டாள். கம்பெனி ஒவ்வொரு முறையும் பழியைத் தூக்கி மீனவர்கள் தலையில் போட்டது. விசைப்படகு சிந்தும் டீசலாம் அது.

மீன்பிடித் தடைக்காலம் வரட்டும் என்று லினெட் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அப்போது விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, போனால் உரிமம் பறிபோகும். கறை தெரிந்தால் கம்பெனி யாரைக் கைகாட்டும், பார்த்துவிடலாம்.

தடை தொடங்கிய பிறகு ஒரு நாள், கனகசெட்டிக்குளத்து விசைப்படகுக்காரர் கன்னியப்பன் தார் ஒட்டிய வலையைக் கொண்டுவந்து அவள் வாசலில் போட்டார். "படத்தப் போடும்மா. அவனுங்க மானம் போவட்டும்."

தடைக்காலத்தில் இவர் வலையில் தார் எப்படி ஒட்டியது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். இருந்த ஆத்திரத்தில் அது தோன்றவில்லை.

அந்த வாரப் படத்தில் எண்ணெய்க் கிணற்று மேடையிலிருந்து கறுப்பாக ஒரு வால் நீண்டது. அதன் ஓரத்தில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். அந்த மூலையை வெட்டிவிட்டுப் போடலாம்தான். ஆனால் கம்பெனி அசல் படத்தை எடுத்துக்காட்டி அவளைப் பொய்க்காரி ஆக்கிவிடும். முழுசாகவே போட்டாள்.

கறை அந்தத் திருட்டுப் படகுகளுடையது என்று கம்பெனி அன்றே அறிக்கை விட்டது. அதிகாரிகள் துறைமுகத்துக்கு வந்துவிட்டார்கள். கன்னியப்பன் இவள் வாசலுக்கு வந்தார்.

"அது படகு இல்ல, அலைன்னு எழுதிடு."

"அப்படி எழுதுனா, கறுப்பா தெரியறதும் அலைதான்னு சொல்லிடுவான். படமே பொய்யாயிடும்."

"எங்க உரிமம் போவுது. உனக்கு என்னா போவுது?"

"தடையில யாருண்ணே உங்கள போவச் சொன்னது?"

அவர் காறித் துப்பிவிட்டுப் போனார்.

அடுத்த படம் வந்தபோது கடலில் ஒரு படகுப் புள்ளிகூட இல்லை, படகுகளை அதிகாரிகள் பூட்டிவைத்திருந்தார்கள். கறுப்பு வால் மட்டும் மேடையை ஒட்டி அப்படியே கிடந்தது. லினெட் அதையும் போட்டாள். கம்பெனி வாயைத் திறக்கவில்லை. அதற்கு ஒன்றும் ஆகவுமில்லை. கன்னியப்பனின் உரிமம்தான் ரத்தானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் மீன் வாங்கப் போனாள். நாட்டுப்படகு மீனை வாங்கி விற்றுக்கொண்டிருந்த கன்னியப்பன் மனைவி வீராயி அவளைப் பார்த்ததும் கூடைமேல் கோணியை இழுத்து மூடினாள்.

"உனக்குத்தான் மேலேருந்து எல்லாம் தெரியுதே. மீனயும் அங்கேருந்தே வாங்கிக்க."