கதவை மூடும்போது சொல்லும் வார்த்தை

எங்கள் ஆம்புலன்ஸில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியை ஸ்ட்ரெச்சரோடு உள்ளே தள்ளிவிட்டுப் பின்கதவை மூடும்போது டிரைவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: "ஆண்டவன் பாத்துப்பான்." வண்டி பிரார்த்தனைக் கூடத்து அறக்கட்டளையுடையது என்பதால், யாரும் எழுதி வைக்காமலே இது சட்டமாகிவிட்டது. சில டிரைவர்கள் கண்ணை மூடி உருகிச் சொல்வார்கள். சிலர் கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வார்கள். எப்படியோ சொன்னால் சரி.

அண்ணன் மட்டும் சொல்லமாட்டார். கூடப்பிறந்த அண்ணன் இல்லை. அவர் முன்னால் உட்கார்ந்து ஓட்ட, நான் பின்னால் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து ஆக்சிஜனையும் நாடியையும் கவனிக்க, பல வருஷம் ஒரே வண்டியில் அலைந்தோம். அந்த வகையில் அண்ணன். கதவை மூடும் முன் அவர் நோயாளியின் பாதத்தை லேசாகத் தொட்டு, "நான் பாத்துக்கறேன்" என்பார். அதைக் கேட்டதும் நோயாளியின் இறுகிய தோள் தளர்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நான் சாமி கும்பிடுகிறவள்தான், ஆனாலும் பார்த்ததைப் பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

"ஏண்ணே, எல்லாரும் சொல்றதை நீங்களும் சொல்லிட்டுப் போனா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"டாக்டருங்க 'இனி ஆண்டவன் பாத்துப்பான்'னு எப்பம்மா சொல்றாங்க?"

"கைவிரிக்கும்போது."

"அப்புறம்? வண்டியில ஏத்தும்போதே கையை விரிக்கணுமா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்கு அதுல நம்பிக்கை இல்லம்மா. நம்பாததை, உயிருக்குப் பயந்து படுத்திருக்கிறவங்ககிட்ட எப்படிச் சொல்றது?" என்றார்.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் தமுக்கு அடிக்கவில்லை. தெருவில் அவருக்குப் 'பாத்துக்கறேன்' என்றே பெயர் விழுந்திருந்தது. குழாய் ரிப்பேர் என்றாலும், பக்கத்து வீட்டுக்குச் சிலிண்டர் தூக்கவேண்டும் என்றாலும், "பாத்துக்கறேனைக் கூப்பிடுங்க" என்பார்கள். அன்பாக வைத்த பெயர்தான்.

அது கெட்ட பெயரானது ஜவுளிக்கடைக்காரரின் அப்பாவை ஏற்றிய நாளில். கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "அந்த வார்த்தையைச் சொல்லிட்டுக் கதவை மூடுங்க" என்றார். அண்ணன், "நான் பாத்துக்கறேங்க" என்றார். "உன்னைக் கேக்கலப்பா. ஆண்டவன் பேரைச் சொல்லு." அண்ணன் ஒரு பொய் இருமல் இருமிவிட்டுத் தப்பித்திருக்கலாம். அந்தச் சாமர்த்தியமெல்லாம் அவருக்கு ஏது? "மன்னிக்கணும், எனக்கு நம்பிக்கை கிடையாதுங்க. வண்டியை நல்லா ஓட்டுவேன்" என்று சொல்லிவிட்டார். நல்லாத்தான் ஓட்டினார். பெரியவரை உயிரோடுதான் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்துதான் அவர் போனார். ஆனால் எங்கள் ஊரில் அவரைக் கொன்றது நுரையீரல் இல்லை, அண்ணனின் வாய் என்று ஆகிவிட்டது.

அவரை யாரும் அடிக்கவில்லை, வையவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று எனக்குத் தோன்றியதுண்டு. சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, காபி குடித்துவிட்டு, "உங்களுக்காக நாங்க தினமும் வேண்டிக்கறோம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அவரைத் திருத்துவதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கி வைத்திருந்தார். அண்ணனுக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை. அதுவரை அது ஆண்டவன் சித்தமாக இருந்தது. அதற்குப் பிறகு அண்ணன் செய்த குற்றமாகிவிட்டது.

அறக்கட்டளை மேனேஜர் அவரைக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் சாவியை வாங்கிக்கொண்டு, பிண வண்டியின் சாவியைக் கொடுத்தார். "அதுல ஏறுறவங்க புகார் சொல்ல மாட்டாங்க பாருங்க" என்று அவரே சொல்லி, அவரே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அண்ணன் சாவியை வாங்கி நேராக ஷெட்டுக்குப் போய்ப் பிண வண்டியைக் கழுவ ஆரம்பித்தார். "தங்கமான ஆளுங்கம்மா இதுல வர்றவங்க. ஒருத்தர்கூட என்னை நம்பிக்கை இருக்கான்னு கேக்கமாட்டாங்க" என்றார் என்னிடம்.

ஆனால் உண்மையில் அடி விழுந்தது அண்ணிக்குத்தான்.

அண்ணி கூடத்துக்கு ஒரு வாரமும் தவறாமல் போகிறவர். நம்பிக்கை என்றால் அப்படி ஒரு நம்பிக்கை. பிரார்த்தனை முடிந்ததும் எல்லாருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுப்பது அவர் வேலை. யாரும் ஒப்படைத்ததில்லை; அவராக எடுத்துக்கொண்டது. யாருக்கு வெந்நீர், யாருக்குப் பச்சைத் தண்ணீர், யார் டம்ளரை வாய் வைக்காமல் தூக்கிக் குடிப்பார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. சாவி மாறிய வாரமே ஒரு அம்மாள் அவர் கையிலிருந்து கூஜாவை மெதுவாக வாங்கிக்கொண்டார். "உனக்குக் கை வலிக்கும், நீ உக்காரும்மா" என்றார். அதற்குப் பிறகு அண்ணிக்குக் கை வலிக்காத வாரமே வரவில்லை. பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாகவே இருக்கும். யாரும் எழுந்து போகமாட்டார்கள், வந்து உட்காரவும் மாட்டார்கள். நான் ஒருத்தி போய் உட்கார்ந்தால், பின்வரிசையிலிருந்து முதுகை யாரோ துளைக்கிற மாதிரி இருக்கும்.

அண்ணன் வாராவாரம் பைக்கில் அவரைக் கொண்டுவந்து கூடத்து வாசலில் இறக்கிவிடுவார். எதிரே சைக்கிள் கடை. அங்கே கிடக்கும் மரப்பலகையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுவதை வேடிக்கை பார்ப்பார். உள்ளே பாட்டு முடிகிற சத்தம் கேட்டதும் எழுந்து, பாக்கெட்டிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பைக்கின் பின்சீட்டைத் துடைப்பார். அந்தத் தெருவில் தூசி அதிகம், அண்ணிக்கு உடுத்தினால் பளிச்சென்று இருக்கவேண்டும். அவர் துடைத்து முடிப்பதற்கும் அண்ணி வாசலுக்கு வருவதற்கும் சரியாக இருக்கும்.

"ஒரு தடவை சொல்லிடுங்களேன்" என்று அண்ணி அவரைக் கேட்டது என் காதிலேயே விழுந்திருக்கிறது. அவர்கள் வீட்டு அடுப்படியில் நான் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"பொய்யின்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். ஊருக்காக இல்ல. உங்க வாயால நான் ஒரு தடவை கேக்கணும். சொன்னா வாய் என்ன வெந்தா போயிடும்?"

"உனக்கு என்ன வேணும்னாலும் கேளு. நான் பாத்துக்கறேன்."

"ஆமா, பெரிய்ய இவரு. எல்லாத்தையும் இவரே பாத்துக்குவாரு" என்று அண்ணி கரண்டியால் அவர் தோளில் ஒரு தட்டு தட்டினார். கோபம்தான், ஆனால் சிரித்துக்கொண்டேதான் கோபித்தார். காய்ச்சல், கால் சுளுக்கு, கர்ப்பம் தங்காமல் கலைந்துபோன அந்த நாட்கள் என்று எதுவானாலும், தலைமாட்டில் உட்கார்ந்து அந்த மனுஷர் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்தேன் என்று அண்ணி என்னிடம் தனியாகச் சொன்னதுண்டு. "அவர்கிட்ட சொல்லிடாதே, தலைக்கனம் ஏறிடும்" என்பார்.

அண்ணிக்கு நெஞ்சு அடைத்தது ஒரு முற்பகலில். போன் வந்தபோது நான் ஷெட்டில் இருந்தேன். புது டிரைவரும் நானும் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் தன் பைக்கில் எங்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணியின் அக்காவும் அக்கா புருஷனும் பக்கத்துத் தெரு, அவர்களும் வந்துவிட்டார்கள். அண்ணியை ஏற்றினோம். நான் முகமூடியைப் போட்டு ஆக்சிஜனைத் திறந்தேன். அக்கா மளமளவென்று ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். "பக்கத்துல வேண்டிக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல" என்றார். பின்னால் என்னைத் தவிர இன்னும் ஒருவருக்குத்தான் இடம். சரி, அண்ணன் முன்சீட்டில் உட்காரட்டும் என்று பார்த்தால், அக்கா புருஷன் அங்கே ஏறிப் பெல்ட்டே மாட்டிவிட்டார். கட்டிய புருஷனுக்கு இடமில்லை! எனக்கு வாய்வரைக்கும் வந்தது. ஆனால் சண்டை போட்டால் நேரம் போகும். அண்ணனுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் யாரையும் இறங்கச் சொல்லவில்லை.

"கதவை நான் மூடறேன்ப்பா" என்று மட்டும் புது டிரைவரிடம் சொன்னார்.

கதவில் கை வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். அண்ணியும் அவரைப் பார்த்தார். அக்கா குரல் நடுங்க, "இப்பவாவது சொல்லுங்க. அவளுக்காக ஒரு தடவை சொல்லுங்க" என்றார். அண்ணன் வழக்கம்போல அண்ணியின் பாதத்தைத் தொட்டார். பிறகு சொன்னார்.

"ஆண்டவன் பாத்துப்பான்."

கதவு மூடிக்கொண்டது.

அக்கா ஓவென்று அழுதார். சந்தோஷ அழுகை. "சொல்லிட்டாருடி! வாயைத் திறந்து சொல்லிட்டாரு!" என்று தங்கையின் கையைப் பிடித்து உலுக்கினார். அண்ணி அவர் பக்கமே திரும்பவில்லை. முகமூடியை ஒரு கையால் நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் இருந்தது சந்தோஷம் இல்லை.

"ஏன் அப்படிச் சொன்னாரு?"

"அண்ணி, பேசாதீங்க. மூச்சை விடுங்க."

"அவர் அப்படிச் சொல்லமாட்டாரே... நான் பிழைக்கமாட்டேனா? அவர் வரலையா?"

"பின்னாடியே வர்றாரு அண்ணி. பைக்ல வர்றாரு. அண்ணன் பாத்துக்குவாரு" என்று அவர் காதருகே குனிந்து சொன்னேன். ஆனால் அக்கா அதற்குள் உரக்கப் பிரார்த்தனையை ஆரம்பித்துவிட்டார். மேலே சைரன் வேறு. பின்கண்ணாடி வழியாக அண்ணன் வருவது தெரிந்தது, தலைக்கவசம்கூட இல்லாமல் குனிந்து வந்துகொண்டிருந்தார். சந்தை முனையில் ஒரு லாரி குறுக்கே வந்தது. அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. அண்ணி இன்னொரு தடவையும் உதட்டை அசைத்தார். "வரலையா" என்றுதான் அசைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவருக்கு நினைவில்லை. அண்ணன் வந்து சேர்ந்தபோது அண்ணி இல்லை.

அண்ணிக்காகக் கூடத்தில் நினைவுப் பிரார்த்தனை வைத்தார்கள். அண்ணன் முதல்முறையாக உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். இத்தனை நாள் காலியாக இருந்த பெஞ்சில் அன்றைக்கு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கூடத்துப் பெரியவர் எழுந்து, ஒரு மனைவியின் பொறுமை கல்லையும் கரைத்த கதையைச் சொன்னார். கடைசி நேரத்தில் கணவன் வாயால் ஆண்டவன் பெயரைக் கேட்டு, அந்த அம்மாள் சமாதானமாகப் போய்ச் சேர்ந்தாராம். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். கூஜாவை வாங்கிக்கொண்ட அம்மாள் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து, அண்ணன் கையில் கொடுத்தார். மேனேஜர் எழுந்து, அண்ணன் இனி ஆம்புலன்ஸையே ஓட்டலாம் என்று அறிவித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கூடத்தில் என்னால் பிரார்த்தனை செய்ய முடியாமல் போன முதல் நாள் அது.

அண்ணனைப் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றார். "அவளுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். எனக்குப் பிண வண்டியே போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடைசிப் பாட்டு ஆரம்பித்ததும் வெளியே வந்து சைக்கிள் கடைப் பலகையில் உட்கார்ந்தார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வண்டிக்குள்ள அவ என்னம்மா சொன்னா?" என்றார், தெருவைப் பார்த்தபடியே. "அவ அக்கா சொன்னது வேணாம். நீ சொல்லு."

சமாதானமாகப் போனார் என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வார்த்தை. ஆனால் படுத்துக் கிடந்தவர்களிடம் ஒரு வார்த்தை பொய் சொல்ல மறுத்து, அதற்காக அத்தனையும் பட்ட மனுஷர் அவர். அவரிடம் என்னால் முடியவில்லை. அண்ணி கேட்டதையெல்லாம் கேட்டபடியே சொன்னேன்.

"ஆயுசு பூரா என்கிட்ட கேட்டது அது ஒண்ணுதாம்மா" என்றார். "கடைசியா குடுத்தேன். பயந்துட்டா."

"அண்ணே..."

"பின்னாடி வர்றேன்னு நீ சொன்னியே. அது அவ காதுல விழுந்துச்சா?"

"தெரியலண்ணே."

தலையை ஆட்டினார். உள்ளே கடைசிப் பாட்டு முடிந்தது. அவர் எழுந்து பைக்கிடம் போய், பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்துப் பின்சீட்டை ஓரம் விடாமல் துடைத்தார். துடைத்துவிட்டுக் கூடத்து வாசலை நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வொருவராக எல்லாரும் வெளியே வந்தார்கள். துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.