வேடியப்பன் முன் ஒரு படி மாவு

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் செல்லியம்மாள் எங்கள் பள்ளிக்கூடத்துக்குச் சமைக்க வந்தாள். முப்பது வயதிருக்கும். புருஷனைக் கரடி அடித்துவிட்டது. ஒரே மகள், பெயர் சின்னக்குழந்தை, இரண்டாம் வகுப்பில் இருந்தாள். என் அப்பா மாசிலாமணி ஜவ்வாது மலையில் சபையின் உபதேசியார். ஞாயிறு ஜெபம் நடத்துவார், மற்ற நாளில் பாடம் நடத்துவார்.

மலையில் அவை மோசமான மாதங்கள். பழைய சாமை தீர்ந்திருக்கும், புதுச் சாமை கதிரில் பால் பிடித்து நிற்கும். பிள்ளைகள் காட்டுக் கிழங்கைத் தின்றுவிட்டு வருவார்கள். பதினொரு மணிக்கு மேல் பலகையைப் பார்க்காமல் சுவரில் சாய்ந்துகொள்வார்கள். அப்பா மிஷனுக்கு எழுதி எழுதி, கப்பலில் வந்த மக்காச்சோள மாவு பத்து மூட்டை வாங்கினார். வாணியம்பாடி சத்தார் பாய் கழுதைகளில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்.

முதல் மூட்டையைப் பிரித்த செல்லியம்மாள் ஒரு கை அள்ளினாள். மஞ்சள் நிறத்தைப் பார்த்ததும் அப்படியே மூட்டையில் திரும்பப் போட்டாள்.

"இந்தத் தவசத்த எங்க ஊரு தின்னதே இல்லீங்க ஐயா. வேடியப்பனுக்கு வெக்காம எப்படிங்க துன்றது?"

எந்தத் தானியமானாலும் ஊர்ச்சாமி வேடியப்பனின் கல்லுக்குப் படைத்த பிறகுதான் அங்கே வாயில் வைப்பார்கள். படைப்பது தை மாதத்தில். படைப்பவர் ஊர்க்கவுண்டர் வடிவேலு. முந்திக்கொண்டு யாராவது தின்றால் நிற்கிற கதிரில் ஆலங்கட்டி விழும் என்பது அவர்கள் பயம். கவுண்டர் வந்தார், மூட்டையைத் தொடாமல் சுற்றிவந்தார், தைக்கு முன்னால் முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கும் ஒரு முடிச்சு இருந்தது. சபை கொடுத்த மாவைக் கல்லுக்குப் படைக்க அவர் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

ஆக, பத்து மூட்டைக்கு எதிரே நாற்பத்து மூன்று பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீட்டில் சோறு இருந்தது. மத்தியானம் அம்மா கதவைச் சாத்திவிட்டுப் பரிமாறுவாள். தட்டில் சத்தம் வராமல் சாப்பிடக் கற்றுக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து சத்தார் பாய் வந்தார்.

"இன்னா வாத்தியாரே, மூட்டைங்க அப்படியே குந்திக்கினு கீது? புள்ளைங்களவிட இதுங்கதான் ஒழுங்கா பள்ளிக்கூடம் வருது போல!"

அப்பா சிரிக்கவில்லை. பாயும் குரலைத் தாழ்த்தினார். "மிஷன்ல சொல்லிட்டாங்க. வெள்ளிக்கெழமக்குள்ள அடுப்பு எரியலேன்னா, தூக்கினு போய் படவேட்டுப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுடணுமாம். நான் வெள்ளி வர்றேன்."

மறுநாள் புதன். வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்த சின்னக்குழந்தை நின்ற இடத்திலேயே சரிந்தாள். செல்லியம்மாள் ஓடிவந்து மடியில் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். மகள் கண் திறந்ததும் செல்லியம்மாள் எழுந்து நேரே அப்பாவிடம் வந்தாள்.

"சமைக்கிறவளுக்குத் தெனம் ஒரு படி மாவுன்னீங்களே. இன்னிக்கிப் படியக் குடுங்க."

"நீ இன்னும் சமைக்கவே இல்லையே."

"சமைப்பேன். குடுங்க."

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. "எங்க எடுத்துட்டுப் போறேன்னு நான் கேக்கணுமா, செல்லியம்மா?"

"கேக்காதீங்க. எம் பங்கு எங்கூட்டுக்கு. அளந்துட்டா அது சபை மாவு இல்ல."

அவர் படியை எடுத்துவந்தார். பிறகு அளந்தார். பாதி கீழே சிந்தியது. மறுபடி அளந்தார்.

பெண்கள் போகக் கூடாத இடம் வேடியப்பன் கல். அவள் மாவைக் கிண்டி மந்தார இலையில் வைத்து, எல்லோரும் சாமைக் கொல்லையில் குருவி விரட்டும் உச்சி வெயிலில் நடந்தே போனாள். யாரும் பார்க்காவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளைக் கல்லருகே கண்டவர்களின் அலறல் கேட்டு ஊரே கூடியது.

அன்று சாயங்காலமே பஞ்சாயத்து.

"பொம்பள கையால வெச்சா அது படையலா புள்ளே?" என்றார் கவுண்டர்.

"தப்புதான் மாமா. அதுக்கு எந்தலைய எடுத்துக்கோ. ஆனா சாமி முன்னால வெச்சேனா இல்லியா, அத மட்டும் சொல்லு."

கவுண்டர் துண்டை உதறினார், மறுபடி தோளில் போட்டார், மறுபடி உதறினார்.

"வெச்சது வெச்சதுதான். சாமி பார்த்தத நான் இல்லன்னு சொல்ல முடியாது. புள்ளைங்க துன்னட்டும். வெச்சவ வூட்ட ஒரு வருசம் தள்ளி வெக்கிறேன். அவ கை தண்ணி, அவ கை நெருப்பு யாருக்கும் ஆகாது."

தலையாட்டிக்கொண்டே கேட்டவள் 'வூட்ட' என்ற இடத்தில் நிமிர்ந்தாள். மகளும் அந்த வீடுதான்.

வெள்ளிக்கிழமை கவுண்டர் மனைவி கெங்கம்மாள் முணுமுணுத்துக்கொண்டே துடுப்பைப் பிடித்தாள். களி கட்டி கட்டியாக வந்தது. கழுதைகளோடு வந்த சத்தார் பாய் புகையைப் பார்த்ததும் பாதையிலேயே நின்றுவிட்டார். வரிசையில் நாற்பத்திரண்டு இலை. சின்னக்குழந்தை தாயோடு தூரத்துப் புளியமரத்தடியில் நின்றாள். அப்பா வாய் திறக்கப்போனார். அதற்குள் கெங்கம்மாள் சட்டியின் அடியைப் பார்த்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள்.

"யோவ், அந்தப் புள்ளைக்கு?"

"தள்ளி வெச்சது வூட்ட."

"நீ வூட்டத்தான தள்ளி வெச்ச? இது பள்ளிக்கூடம்யா."

கவுண்டர் முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். கெங்கம்மாள் நடந்துபோய்த் தரையில் இலையைப் போட்டு, கை படாத உயரத்திலிருந்து களியை விட்டாள். பெண் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"துன்னு," என்றாள் செல்லியம்மாள்.

அவள் பிறகு விறகு சுமந்தாள். தினம் ஒரு சுமையைப் பள்ளிக்கூட எல்லையில் போட்டுவிட்டு விலகிப்போவாள், அப்பா அவள் படியை அங்கேயே வைப்பார். மகள் பள்ளியில் சாப்பிட்டாள், ராத்திரிக்குத் தாய் கிண்டிக் கொடுத்தாள். அவள் மட்டும் அந்த மாவை வாயில் வைக்கவில்லை. கார்த்திகை முழுக்க, மேகம் கறுத்த போதெல்லாம் வெளியே வந்து நிற்பாள். ஆலங்கட்டி விழுந்தால் பழி அவள்மேல்தான் விழும். ஜெபப் புத்தகத்தோடு அப்பாவும் வாசலில் நின்று வானத்தையே பார்ப்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

மார்கழி நடுவில் கடைசிச் சாமைக் கட்டு களத்துக்கு வந்தது. கதிர் ஒன்றுகூட உதிரவில்லை. அன்றைக்குத்தான் செல்லியம்மாள் அந்த மஞ்சள் களியில் ஒரு கவளம் பிட்டு வாயில் போட்டாள்.

"உப்பு பத்தலடி," என்றாள் மகளிடம்.