நனைந்தால் மறையும் கோடுகள்

டாக்டர் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டேன். ஊசி ஒருநாளும் தவறக்கூடாது. பாலும் முட்டையும் தினமும் வேண்டும். பாய் தனி, தட்டு தனி, தம்ளர் தனி. கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டேன்: அண்ணன் குடித்த தம்ளரில் பிள்ளை குடிக்கக் கூடாது.

மலையில் தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்த அண்ணன், மார்பில் காசநோயோடு தக்கலையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். கூடவே அவன் மனைவி, என் மைனியும், மூன்று வயது மகளும். அண்ணன் தம்ளரில் மிஞ்சும் கடைசி மடக்கு அந்தப் பிள்ளைக்குத்தான். பேச்சு வருமுன்பே அவளுக்கு வந்துவிட்ட பழக்கம் அது.

அம்மா ஒரு பித்தளைத் தம்ளரைத் தனியாக எடுத்து அண்ணனுக்குக் காப்பி கொடுத்தாள். எங்களுக்குக் கண்ணாடித் தம்ளர். அவன் எங்கள் கைகளைப் பார்த்தான். "எனக்கு இப்ப வேண்டாம்மா" என்று கீழே வைத்தான். மறுநாளும் வேண்டாம் என்றான். மூன்றாம் நாள் பாலையும் தொடவில்லை.

நான் அப்போது நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் இரசாயன ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். புட்டியில் ஒட்டும் காகிதத்தை அமிலம் அரித்துவிடும் என்பதால், கண்ணாடியைத் தின்னும் வேறோர் அமிலத்தால் புட்டியிலேயே எண்களைப் பொறிப்போம். அதைத்தான் யோசித்தேன். வீட்டில் எல்லாருக்கும் ஆளுக்கொரு படம் போட்ட தம்ளர் இருந்தால், அவனுடையது மட்டும் எப்படித் தனியாகத் தெரியும்?

சந்தையில் ஒரே மாதிரி ஐந்து தம்ளர் வாங்கினேன். மெழுகை உருக்கிப் பூசி, ஆறியதும் ஊசியால் கீறினேன். அம்மாவுக்குக் குத்துவிளக்கு, மைனிக்குப் பிச்சிப்பூ, பிள்ளைக்கு அணில், எனக்கு நட்சத்திரம், அண்ணனுக்குத் தேயிலைக் கொழுந்து. அமிலத் திரவம் விரலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது; சில மணி நேரம் கழித்து எலும்புவரை வலிக்கும். அதற்குப் பயந்து, ஆவியை மட்டும் படவிடும் முறையைத் தேர்ந்தேன். கிணற்றடிக்கு அப்பால், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, ஈயத் தட்டில் ஆவி கிளப்பி, அதன்மேல் தம்ளர்களைப் படுக்க வைத்தேன். யாரையும் கிட்ட விடவில்லை. மெழுகைச் சுரண்டியதும் பனி படர்ந்தாற்போல வெள்ளைக் கோடுகள்.

"எனக்கு எதுக்குட்டி விளக்கு? ஒரு கரண்டியப் போட்டிருந்தா பொருத்தமா இருந்திருக்கும்லா" என்றாள் அம்மா.

அண்ணன் தன் தம்ளரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "கொழுந்து கொள்ளாம், நல்லாருக்கு. கிள்ளுகதுக்கு எத்தன ஆளு வச்சிருக்க?" அன்று பால் முழுவதையும் குடித்தான். பிள்ளை கை நீட்டியபோது அம்மா முந்திக்கொண்டு தம்ளரை எடுத்துப் போனாள். "உனக்க அணிலு அழுகுது பாரு மக்கா."

பன்னிரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன். பதின்மூன்றாம் நாள் ஞாயிறு, நல்ல மழை. மைனி கழுவிக் கவிழ்த்த தம்ளர்களை எடுத்து வைக்கப் போனேன். ஒன்றிலும் படம் இல்லை. ஐந்தும் ஒன்றுபோல் தெளிவாக இருந்தன. ஒன்றை முந்தானையால் துடைத்து ஊதினேன். பிச்சிப்பூ மெல்ல வெளுத்து வந்தது.

ஆய்வுக்கூடத்தில் சொரசொரப்பான கண்ணாடி மூடிகள் நனைந்தால் தெளிந்துவிடுவதைத் தினமும் பார்க்கிறவள் நான்.

"மைனி, நனைஞ்சிருக்கும்போ எது ஆருக்கதுன்னு எப்பிடிக் கண்டுபிடிக்கிய?"

"காஞ்சா தெரியும்லா?"

"காயுகதுக்கு முன்ன ஊத்தினா?"

மைனி கையிலிருந்த சாம்பலையும் நாரையும் கீழே வைத்தாள். "பிள்ளைக்கு எப்பவும் வெந்நீல கழுவி, ஈரத்தோடதான் பால் ஊத்துகேன்" என்றாள்.

கிருமி சாக வெறும் வெந்நீர் போதாது. கொதிக்க வைக்கவோ சந்தைக் கண்ணாடி தாங்காது. பன்னிரண்டு நாள், நாளுக்கு இரண்டு வேளை, இருபத்து நான்கு தடவை. அதில் எத்தனை தடவை கொழுந்துத் தம்ளர் என்று கணக்கிட முடியாது. ஆனாலும் மனம் கணக்கிட்டுக்கொண்டே இருந்தது. மாலைக்குள் பிள்ளையின் கழுத்தை நான்கு முறை தொட்டுப் பார்த்தேன். "அத்தே, கை குளிருது" என்று நெளிந்தாள்.

நாங்கள் பேசியது அண்ணன் படுத்திருந்த அறைக்குக் கேட்டிருக்கிறது.

"ஏட்டி, இஞ்ச வா. அதை ஆழமா வெட்ட முடியுமா? கையில தட்டுப்படணும்."

"திரவத்தை வச்சு வெட்டினா முடியும். அஞ்சையும் வெட்டுகேன்."

"அஞ்சு எதுக்கு? உனக்கும் நோவு உண்டுமா?"

நான் அவன் பாயருகே உட்கார்ந்தேன்.

"பித்தளையத் தந்தப்போ கோவம் வந்துது. நீ அணிலும் விளக்கும் போட்டப்போ சிரிப்பு வந்துது. எதுக்குன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிய? தெரிஞ்சும் பிள்ளைட்ட நான் ஒண்ணும் சொல்லல. அதாக்கும் தப்பு."

அடுத்த நாள் மேலதிகாரியிடம் கேட்டு, மெழுகுப் புட்டியில் சிறிது அமிலம் வாங்கினேன். அதைச் சுண்ணாம்புப் பொடிக்குள் புதைத்து, தூக்குச் சட்டியில் வைத்து, தக்கலை வரை பஸ்ஸில் மடியிலிருந்து இறக்காமல் கொண்டுவந்தேன். தன் தம்ளரில் மட்டும் மெழுகை அண்ணனே கீறினான். படம் எதுவும் இல்லை. விளிம்புக்குக் கீழே சுற்றிவர மூன்று வளையங்கள். எந்தப் பக்கம் பிடித்தாலும் விரல் படும். நான் ரப்பர் கையுறை போட்டு, கோழி இறகால் அமிலத்தைத் தொட்டு வைத்தேன். பிறகு சுண்ணாம்பு நீரை ஊற்றிக் கழுவினேன். வலி தாமதமாக வருமே என்று அன்று முழுவதும் ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

மைனி கண்ணை மூடிக்கொண்டு ஈரத் தம்ளர்களைத் தடவினாள். இரண்டாவதிலேயே நின்றாள். "இதாக்கும்."

பிள்ளை வழக்கம்போல ஓடி வந்தபோது அண்ணன் தம்ளரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டான். "இது அப்பாக்கது. அப்பாக்கு நோவு. இதுல நீ குடிக்கப்பிடாது." அவள் தரையில் உருண்டு அழுதாள். அவன் கை இறங்கவில்லை.

அந்த வாரம் பிள்ளையை டாக்டரிடம் காட்டினோம். மார்பைப் படமெடுத்துப் பார்த்தார். இப்போதைக்கு ஒன்றுமில்லை, மூன்று மாதம் கழித்து மறுபடியும் கொண்டுவாருங்கள் என்றார். திரும்பும் பஸ்ஸில் பிள்ளை இரண்டு முறை இருமினாள். ரோட்டில் புழுதிதான். ஜன்னல் படுதாவை இறக்க மைனியும் நானும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம்.