ஐஸ் பெட்டியில் போன போத்தில்

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழிந்திருந்தன. விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்து, வீட்டுக்குக் கூரை போட்டு, என் வீட்டுக்காரர் மறுபடியும் கடலுக்குப் போகத் தொடங்கிய காலம். எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. மாதவிலக்கு வந்தால் நிற்கிற பாடாக இல்லை. அடிவயிற்றில் அம்மிக்கல்லைக் கட்டிவிட்ட மாதிரி ஒரு பாரம். கிளினிக்கில் கருப்பையின் வாயைப் பஞ்சால் துடைத்தெடுத்துச் சோதித்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லையென்றால் இவ்வளவு இரத்தம் எங்கேயிருந்து வருகிறது?

கடைசியில் மன்னார் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர், கருப்பையின் வாயில் வீக்கம் இருக்கிறது என்று சொல்லி, சின்னத் துண்டு ஒன்றை வெட்டி எடுத்தார். எனக்கு உயிர் போய் வந்தது. அதை மருந்துத் தண்ணீர் விட்ட போத்திலில் போட்டு, என் பெயர் எழுதிய தாளை ஒட்டி, யாழ்ப்பாணத்தில் சோதிக்கக் கொடுக்கச் சொன்னார். புற்றுநோயா இல்லையா என்று அந்தத் துண்டுதான் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் மீன் லொறியில் ஏறிப் போனார். மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அதே போத்திலோடு வந்து நின்றார்.

“என்ன, குடுக்கேல்லையோ?”

“எடுக்கமாட்டினமாம். பேர் அழிஞ்சு போச்சு.”

“எப்பிடி அழியும்?”

“ஐஸ் பெட்டிக்குள்ள வச்சனான். வெயிலுக்குப் பழுதாப் போயிடுமெண்டு…”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அது என்ன அறுக்குளா மீனா? இந்த மனுசனுக்கு எதைக் கண்டாலும் ஐஸ் போட வேண்டும். ஐஸ் உருகி, தாள் ஊறி, மை கரைந்து போயிருக்கிறது. ஆருடையது என்று தெரியாத சதையைப் பார்த்து ஆருக்கு வருத்தம் என்று சொல்வது என்று அங்கே கேட்டார்களாம். நியாயம்தானே!

“விசரோ உங்களுக்கு? திரும்ப வெட்டப் போகினம். ஆருக்கு நோகப் போகுது?” என்று கத்தினேன். அவர் அந்தப் போத்திலையே சாரத்தால் திருப்பித் திருப்பித் துடைத்துக்கொண்டு நின்றார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுபடியும் வெட்டினார்கள், இந்த முறை பெரிய டொக்டர், இன்னும் ஆழமாக. போத்திலை என் தங்கச்சி கொண்டுபோனாள். முடிவு வந்தது: லிம்போமா. நிணநீர்க் கணுக்களில் வருகிற புற்றுநோயாம். எனக்கு அது கருப்பையின் வாயில் வந்து குந்தியிருக்கிறது. மேல்தோலுக்கு அடியில் இருந்ததால்தான் துடைத்தெடுத்த சோதனையில் அகப்படவில்லை.

“அப்ப கருப்பையை எடுத்து விடுங்கோ டொக்டர்” என்றேன்.

“தேவையில்லை அம்மா. இது மருந்துக்குக் கரையிற வருத்தம்.”

ஊரில் இதை யார் நம்புகிறார்கள்? மருந்து ஏற்றி ஏற்றி, தலைமயிர் கொட்டி, வாயெல்லாம் புண்ணாகிக் கிடக்கிறேன்; பார்க்க வருகிற சனமெல்லாம் “இன்னும் எடுக்கேல்லையோ?” என்றே கேட்கிறது. செபம் சொல்ல வந்தவர்களும், செபத்தை முடித்த கையோடு அதையேதான் கேட்டார்கள். மாதாவே, வருத்தத்தைவிட இந்தச் சனத்துக்குப் பதில் சொல்லித்தான் களைத்துப் போனேன். ஆனால் டொக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது. மருந்து முடிந்து ஸ்கான் எடுத்துப் பார்த்தபோது, கட்டி இருந்த இடமே தெரியவில்லை.

அதைச் சொல்ல மன்னார் கிளினிக்குக்குப் போனேன். இரண்டாம் தரம் வெட்டியபோது என் பக்கத்தில் நின்ற தாதி மிஸ்ஸி என்னைக் கண்டதும், “உங்கட மனுசன் சுகமோ?” என்று கேட்டுச் சிரித்தார். என்ன சிரிப்பு என்று விசாரித்தேன். அன்றைக்கு என்னை உள்ளே கூட்டிப்போன பிறகு இவர் மெல்ல மிஸ்ஸியிடம் போயிருக்கிறார்.

“மிஸ்ஸி, அவவுக்குத் திரும்பவும் நோகும். அந்தத் துண்டை என்னட்ட எடுக்கேலாதோ?”

கருப்பைத் துண்டை ஆம்பிளையிடம் எடுக்கட்டாம்! தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு அங்கே கிடந்த மர வாங்கில் குந்தியிருந்து அழுதேன்.

இன்றைக்கும் அந்த மனுசனோடு நான் எரிந்து விழாத நாள் இல்லை. ஆனாலும் என் வருத்தத்துக்கு ஊரே யோசனை சொன்னபோது, என் நோவைத் தான் வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.